இரண்டு சைபர்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு வாடிக்கையாளரின் கணக்கு வழக்குகளையெல்லாம் ஆரக்கிள் என்ற டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். இரண்டு மாதமாக அதே பேச்சுதான்.

"அப்பா, இன்னிக்கு ஒரு கூத்து. சோதனை ஓட்டத்துல கொஞ்சம் பேருக்குப் பேரே வரலை. அந்த இடம் காலியா இருக்கு."

"யாருக்கெல்லாம் வரலை?"

"இனிஷியல் இல்லாதவங்களுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் விளக்கினாள். பழைய புரோகிராம் இனிஷியலையும் பெயரையும் ஒட்டவைத்து அச்சடிக்கும். இனிஷியல் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் ஒன்றும் இருக்காது. இந்த 'ஒன்றும் இல்லை'க்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'நல்'. காதுக்கு நல்ல சொல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. 'தெரியாது' என்று அர்த்தம். ஆரக்கிளில் நல்லோடு ஒரு பெயரை ஒட்டினால் பெயர் மட்டும் மிஞ்சும். போஸ்ட்கிரெஸ் கறாரான பேர்வழி. தெரியாத ஒன்றோடு தெரிந்ததை ஒட்டினால் மொத்தமும் தெரியாததுதான் என்று சொல்லிவிடும். அதனால் இனிஷியலோடு சேர்ந்து ஆளே காணாமல் போய்விட்டார்.

இன்னொன்றும் சொன்னாள். ஒரு கட்டத்தில் 20 என்று அளவு வைத்தால், ஆரக்கிள் வழக்கமாக அதை 20 பைட் என்று எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் 20 எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். தமிழில் 'மீனாட்சி' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு நாலே எழுத்து. யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் இருபத்துநாலு. ஆக அந்த 20 பைட் கட்டத்துக்குள் மீனாட்சியால் நுழைய முடியாது.

"டேட்டா டைப் பிரச்சினைப்பா, உங்களுக்குத்தான் தெரியுமே" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு விஷயம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

டேட்டா டைப் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கட்டத்தில் என்ன வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது. இதில் தேதி வரும், இதில் தொகை வரும், இதில் எழுத்து வரும் என்று. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு டேட்டாபேஸில் 'தேதி' என்பதும் இன்னொன்றில் 'தேதி' என்பதும் பெயரில்தான் ஒன்று. ஆரக்கிளின் தேதிக்குள் மணி, நிமிஷமும் சேர்ந்தே இருக்கும். போஸ்ட்கிரெஸின் தேதியில் நாள் மட்டும்தான்.

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது 100 நயா பைசா ஆனது. அப்படியானால் ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை போட்டார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. பெட்டிக்கடை வைத்திருந்த என் அப்பா பின்னால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாலணாவை ஒரே காசாக மாற்றினால் 25. அதையே நாலு ஓரணாவாகத் தனித்தனியே மாற்றினால் 24. "ஒரு பைசா எங்கடா போச்சு? யாரும் திருடலை. மாத்துன இடத்துல விழுந்துருச்சு" என்பார்.

மாற்றும் இடத்தில் விழுவது. என் கதையும் அதுதான்.

நான் 1978இல் எழுத்தராகச் சேர்ந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எங்கள் ஓய்வூதியர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேருக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் பிரிவு. முதலில் எல்லாம் பேரேடுதான். 1995இல் அவற்றை ஃபாக்ஸ்புரோவில் ஏற்றினோம். 2003இல் ஃபாக்ஸ்புரோவிலிருந்து எஸ்.க்யூ.எல். சர்வருக்கு மாறச் சொல்லி உத்தரவு வந்தது. மாற்றிக் கொடுக்க ஒரு வெளிநிறுவனத்து இளைஞர்கள் இரண்டு பேர் வந்தார்கள். எந்தக் கட்டம் எந்த வகையாக மாறவேண்டும் என்று அட்டவணை எழுதிக் கையெழுத்துப் போடும் பொறுப்பு எனக்கு. பேரேட்டையும் தெரிந்தவன், கம்ப்யூட்டரையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதல் சோதனை ஓட்டத்தில் வந்த முடிவைப் பார்த்து அந்தப் பையன்களில் ஒருவன் ஓடி வந்தான். "சார், எல்லாரும் செத்துட்டாங்க!" பார்த்தேன். 'இறந்த தேதி' என்ற கட்டத்தில் ஆறாயிரம் பேருக்கும் 30-12-1899 என்று விழுந்திருந்தது. பாதிப்பேர் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

காரணம் இதுதான். ஃபாக்ஸ்புரோவில் தேதிக் கட்டத்தை வெறுமனே விடலாம். அது ஒரு வெற்றுத் தேதி, அவ்வளவுதான். எஸ்.க்யூ.எல். சர்வரில் வெற்றுத் தேதி என்று ஒன்று கிடையாது. தேதி இருக்கவேண்டும், இல்லையென்றால் நல் என்று இருக்கவேண்டும். நடுவில் இருந்து எடுத்துக் கொடுத்த மென்பொருள் வெற்றிடத்தைச் சைபர் என்று நினைத்தது. அதன் நாள்காட்டியில் சைபராவது நாள் 1899 டிசம்பர் 30.

எல்லாவற்றையும் நல் ஆக்கிவிடலாம் என்றான் பையன். நான் தடுத்தேன். எழுத்தராக இருந்தவனுக்குத்தான் தெரியும், அந்தக் கட்டம் காலியாக இருப்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, ஆள் உயிரோடு இருக்கிறார். மற்றொன்று, ஆள் இறந்துவிட்டார், தேதி தெரியாது. கிராமத்திலிருந்து மணியார்டர் 'பெறுபவர் இறந்துவிட்டார்' என்று திரும்பி வரும். தேதி யாரும் எழுத மாட்டார்கள். எங்கள் எழுத்தர்கள் தேதியைக் காலியாக விட்டுவிட்டுக் குறிப்புக் கட்டத்தில் ஒரு 'டி' மட்டும் போட்டு வைப்பார்கள். அப்படி முப்பத்தேழு பேர் இருந்தார்கள். பொத்தாம்பொதுவாக நல் போட்டிருந்தால் முப்பத்தேழு பேரும் உயிர்த்தெழுந்து பென்ஷன் வாங்கியிருப்பார்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அடுத்தது தொகை. பையன்கள் தொகைக் கட்டத்தை 'ரியல்' என்ற வகையில் போட்டிருந்தார்கள். அளவு, எடை போன்றவற்றுக்கு அது சரி. காசுக்குச் சரிவராது. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதினால் முடிவே இல்லாமல் போகிறதல்லவா? அதுபோல, இரண்டே இலக்கத்தில் எண்ணும் கம்ப்யூட்டருக்குப் பத்து பைசா என்பது முடிவில்லாத பின்னம். ஏதோ ஓர் இடத்தில் வெட்டி வைத்துக்கொள்ளும். ஒரு மாதப் பட்டுவாடாவைக் கூட்டிப் பார்த்தால் பழைய கணக்குக்கும் புதியதற்கும் நாலு பைசா இடித்தது. மூன்று நாள் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்து, எல்லாத் தொகைக் கட்டத்தையும் 'டெசிமல்' ஆக்கினோம். காசுக்குக் காசு ஒத்துப்போனது. எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்றே சொல்லவேண்டும்.

மிச்சம் இருந்தது ஓய்வூதியர் எண். ஃபாக்ஸ்புரோவில் அது ஆறு இடம் கொண்ட எழுத்துக் கட்டம். அதனால் ஒரு தொல்லை உண்டு. எழுத்தாக வரிசைப்படுத்தினால் 9க்கு முன்னால் 10 வரும். தட்டச்சு செய்தவர்கள் முன்னால் ஓர் இடம் விட்டு ' 9' என்று அடித்தால் அது வேறு ஆளாகப் பதிவாகும். எண்ணாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீரும், தேடுவதும் வேகமாக இருக்கும். அட்டவணையில் 'ஓய்வூதியர் எண்: முழு எண்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

2003 ஜூன் 30, ராத்திரி பத்து மணி. மறுநாள் காலையில் புதிய முறை ஓடவேண்டும். மாற்றும் புரோகிராம் ஓடி முடிந்து ஒரு பட்டியல் கொடுத்தது: பதினாலு பதிவுகள் ஏறவில்லை, எண் ஏற்கெனவே உள்ளது. முதல் ஐந்தைப் பழைய கோப்பில் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். முன்னால் இடம் விட்டு அடித்து, பிறகு தவறு தெரிந்து, தொகை போடாமல் அப்படியே விட்ட இரட்டைப் பதிவுகள். மற்ற ஒன்பதும் அப்படித்தான் இருக்கும் என்று பதினாலுக்கும் 'இரட்டை, நீக்கலாம்' என்று குறித்தேன். பதிவு எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். பழையதில் பதினாலு குறைத்தால் புதியது. சரியாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் மாதம் முதல் வாரம். சாப்பாட்டு நேரம் முடிந்து வரும்போது வராந்தா பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் மஞ்சப்பை. சோழவந்தான் பக்கத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறார். கவுன்டரில் கேட்டதற்கு, அவர் எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு, வேறொரு ஆண் பெயர் வருகிறது, உங்கள் பெயரே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"என்ன விஷயம்மா?" என்றேன்.

"மூணு மாசமா மணியார்டர் வரலை தம்பி. போஸ்ட்மேனும் தெரியலைன்னுட்டாரு. நான் செத்துப்போயிட்டேன்னு எழுதிட்டீகளோ என்னமோ, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பையிலிருந்து பென்ஷன் புத்தகத்தை எடுத்தார். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. முதல் பக்கத்தில் நீலக் கறுப்பு மையில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்த எண்: 00427.

"427ன்னுதான் அடிச்சுப் பார்த்தாங்களாம். நான் சொன்னேன், ரெண்டு சைபரும் சேர்த்து அடிங்கன்னு. சைபருக்கு ஏதும்மா மதிப்புன்னு அந்தப் புள்ள சிரிக்குது. எங்க வீட்டுக்காரர் தவறினப்ப இங்க இருந்த பெரிய எழுத்தர் ஐயா சொன்னாரு, இந்த ரெண்டு சைபரை மட்டும் எங்கயும் விட்டுறாதீங்கம்மா, இதுதான் உங்க அடையாளம்னு."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஞாபகம் வந்துவிட்டது. 1982இல் ஒரு கிளை அலுவலகத்தை எங்களோடு இணைத்தார்கள். அந்தக் கிளைக்காரர்களின் எண்களும் 1, 2 என்றுதான் தொடங்கும். எங்கள் எண்களோடு குழம்பக்கூடாதென்று அப்போதைய தலைமை எழுத்தர், கிளைக்காரர்களின் எண்ணுக்கு முன்னால் இரண்டு சைபர் போட்டுக் கொடுத்தார். அவர் கண்டுபிடித்த வழி. விதிப் புத்தகத்தில் கிடையாது. அப்போது நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருபது வருஷத்தில் மறந்துபோயிருந்தது.

427 என்பவர் எங்கள் பழைய ஓய்வூதியர் ஒருவர். 00427 இந்த அம்மா. எழுத்துக் கட்டத்தில் இரண்டும் வேறு வேறு. எண் கட்டத்துக்கு இரண்டும் ஒன்று. 427 முதலில் ஏறிவிட்டது. 00427 வரும்போது சைபர் இரண்டும் உதிர்ந்து, 'ஏற்கெனவே உள்ளது' என்று வெளியே நின்றுவிட்டது. எனக்கு வந்த பட்டியலிலும் 427 என்றுதான் அச்சாகியிருந்தது. சைபர்கள் என் கண்ணில் படவே இல்லை. கிளைக்காரர்களில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. மற்றவர்களுக்கு அதே எண்ணில் எங்கள் ஆள் யாரும் உயிரோடு இல்லாததால் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்கள். பதினாலில் பதிமூன்று உண்மையிலேயே இரட்டைப் பதிவு. ஒன்றே ஒன்று மனுஷி.

அன்றைக்கு எண்ணிக்கையோடு தொகையையும் கூட்டிப் பார்த்திருந்தால் போதும். இரட்டைப் பதிவுகளில் தொகை இல்லை. ஆகவே கணக்கு சரியாக 1,275 ரூபாய் இடித்திருக்கும். அந்த அம்மாவின் மாத ஓய்வூதியம். நாலு பைசாவுக்காக மூன்று நாள் தேடியவன், 1,275 ரூபாயைக் கோட்டை விட்டேன்.

அவரை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அண்டாவை வச்சுட்டுப் பணம் வாங்குனேன். பாலு நிறுத்திட்டேன். ஒத்தைக் கட்டைக்கு என்ன தம்பி செலவு" என்றார்.

அந்த வாரமே நிலுவை 3,825 ரூபாய் மணியார்டரில் போயிற்று. ஓய்வூதியர் எண் மறுபடியும் எழுத்துக் கட்டமானது. கிளைக்காரர்கள் எல்லோருக்கும் சைபரைத் திரும்பப் போட்டோம். அண்டாவுக்குக் கட்டிய வட்டிக்கு மட்டும் எந்தப் பேரேட்டிலும் கட்டம் இல்லை. கேட்கத் துணிச்சலும் வரவில்லை.

கோப்பில் என்ன எழுதினோம் தெரியுமா? 'கணினி மாற்றத்தின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக.' வரைவு எழுதியவன் நானே. அதிகாரி கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. கோளாறு தானாக ஏற்பட்டதுபோல இருக்கும். கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. முழு எண் என்று சொன்னேன், முழு எண்ணாக வைத்தது. முழு எண்ணுக்கு முன்னால் சைபருக்கு மதிப்பு இல்லை என்பது அதற்குத் தெரிந்த கணக்கு. அந்தச் சைபர் ஒரு மனுஷியின் அடையாளம் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. நான்தான் சொல்லவில்லை. 2012இல் ஓய்வு பெறும்வரை அந்தக் கோப்பைத் திருத்தவும் இல்லை. இன்றைக்கு இங்கே எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை மகளுக்கு நானே போன் செய்தேன். இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்க பட்டியல்லயும் ஏறாத பதிவு முந்நூறு இருக்குப்பா" என்றாள்.

"அதை உங்க ஆபீஸ்ல வச்சுப் பார்க்காதே. அந்த வாடிக்கையாளர்கிட்ட ரொம்ப வருஷமா வேலை பார்க்கிற பழைய எழுத்தர் யாராவது இருப்பார். அவரைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா காட்டு. எண்ணு மட்டும் பத்தாது, பழைய கோப்புல எப்படி இருந்துச்சோ அப்படியே காட்டு. எண்ணிக்கையையும் பாரு, தொகையையும் பாரு."

"முந்நூறையுமா?"

"முந்நூறையும்."

நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நாலாக இணைத்தது நினைவிருக்கும். நம்மில் பலருக்கு வங்கியே மாறிப்போனது. இப்படி எந்த இணைப்பு வந்தாலும் பழைய பாஸ் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள். எண்ணை யாராவது கேட்டால் முன்னால் இருக்கும் சைபரையும் சேர்த்தே சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் எக்செல்லில் ஏற்றித் தருகிறேன் என்றால் அருகில் உட்கார்ந்து பாருங்கள். சாதாரணமாக அடித்தால் அதுவும் முன் சைபரை விழுங்கிவிடும். அந்தக் கட்டத்தை முதலில் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சைபருக்கு ஏது மதிப்பு என்று யாராவது சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த அம்மாவைப்போல நீங்களும் விடாதீர்கள்.